விளங்காத வசனங்களுக்கு விடை தேடுவது எப்படி? மலையகத்து வேதபாடக் குழுக்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இலங்கை மலையகத்தில் ஹட்டன், பொகவந்தலாவை, பண்டாரவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் கிழமை நாள் மாலையில், லயம் என்ற வரிசைக் குடியிருப்பின் வீட்டுக்குள் ஜெபக்கூட்டம் முடிந்து, பிளேன்டீ ஊற்றுகிற நேரத்தில்தான் மனதில் கிடந்த கேள்விகள் வெளியே வரும். ஆதாமின் மகன் காயீனுக்குப் பெண்சாதி எங்கிருந்து கிடைத்தாள்? பழக்காலமே இல்லாத நேரத்தில் அத்திமரத்தை இயேசு ஏன் சபித்தார்? பக்கத்து வீட்டு அக்கா கொடுக்கிற தீபாவளிப் பலகாரத்தைச் சாப்பிடலாமா? நான் மன்னிக்கப்படாத பாவம் செய்துவிட்டேனா?

இவற்றுக்கு வழக்கமாக இரண்டு விதமாகப் பதில் சொல்லிவிடுகிறார்கள். ஒன்று, "கேள்வி கேட்காதே, விசுவாசி" என்று வாயை அடைப்பது. மற்றது, எங்கோ கேட்ட விளக்கத்தை வசனத்தோடு ஒட்டவைத்துச் சமாளிப்பது. இரண்டாலும் கேட்டவருக்குப் பயனில்லை. பெரும்பாலான கேள்விகளுக்கு விடை அந்த வசனத்துக்கு மேலும் கீழும் உள்ள பத்து இருபது வரிகளிலேயே கிடக்கிறது. அங்கே இல்லாதபோது, "வேதாகமம் இதைச் சொல்லவில்லை" என்று நேராகச் சொல்லத் தெரியவேண்டும். குழு நடத்துகிறவர்களும் ஓய்வுநாள் பாடசாலை ஆசிரியர்களும் பின்பற்றக்கூடிய ஒழுங்கை இங்கே தருகிறோம்.

தொடங்கும் முன் தேவையானவை

இரண்டு மொழிபெயர்ப்புகள் வேண்டும்: பெரும்பாலான சபைகளில் வாசிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்பு ஒன்று, 1995இல் வந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு ஒன்று. பழையதன் நடை கடினமாக இருக்கும் இடத்தில் புதியதை வாசித்தால் பாதி மயக்கம் தீர்ந்துவிடும். ஒரே வீட்டில் கத்தோலிக்கரும் மற்றச் சபையினரும் கலந்திருப்பது மலையகத்தில் சாதாரணம். அதனால் நூல் பெயர்களின் வேறுபாட்டை முதலிலேயே சொல்லிவையுங்கள். ஆதியாகமம் திருவிவிலியத்தில் தொடக்கநூல், யாத்திராகமம் விடுதலைப் பயணம், உபாகமம் இணைச் சட்டம், நாளாகமம் குறிப்பேடு, சங்கீதம் திருப்பாடல்கள். கத்தோலிக்கப் பதிப்பில் 73 நூல்கள், மற்றதில் 66. இதைச் சொல்லாவிட்டால் ஒருவர் பக்கம் தேடிக்கொண்டிருக்கும்போதே மற்றவர் வாசித்து முடித்துவிடுவார்.

கைபேசியில் வாசிப்பவர்கள் வேதாகமத்தை முன்கூட்டியே இறக்கி வைக்கவேண்டும். பல தோட்டங்களில் ரோட்டுக்கு ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும். ஒரு கொப்பியும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் அமர்வுக்கு ஒரு கேள்வி, 45 நிமிடம் போதும். மூன்று கேள்விகளை எடுத்தால் மூன்றும் அரைகுறையாகத்தான் முடியும்.

படி 1: கேள்வியை எழுதி, கேட்பவரைக் கவனியுங்கள்

கேட்டவர் சொன்ன சொற்களிலேயே கேள்வியைக் கொப்பியில் எழுதுங்கள். பிறகு அது எந்த வகை என்று பாருங்கள். சில கேள்விகள் தகவல் தெரியாமல் வருபவை. காயீனின் மனைவி அப்படி. சில இரண்டு இடங்கள் ஒத்துப்போகாததால் வருபவை. இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸின் மரணம் அப்படி. சிலவற்றில் வசனம் நன்றாகவே விளங்குகிறது, மனம்தான் ஏற்க மறுக்கிறது. கானான் நாட்டு மக்களை அழிக்கச் சொல்லும் யுத்தங்கள் அப்படி. இன்னொரு வகையை எளிதில் தவறவிட்டுவிடுவோம். கேள்வி பொதுவாக இருக்கும், ஆனால் கேட்பவர் தன்னைப் பற்றித்தான் கேட்பார்.

மன்னிக்கப்படாத பாவம், அதாவது பரிசுத்த ஆவிக்கு விரோதமான தூஷணம் பற்றிய கேள்வி அநேகமாக இந்தக் கடைசி வகைதான். யாரோ ஒரு பிரசங்கத்தைக் கேட்டுவிட்டு, கோபத்தில் கடவுளைத் திட்டிய ஒருவர் மாதக்கணக்கில் தூங்காமல் இருப்பார். அவரிடம் மாற்கு 3:28, 29ஐ மட்டும் வாசித்துக் காட்டினால் பயம் கூடும். 22ஆம் வசனத்திலிருந்து 30 வரை வாசிக்கவேண்டும். எருசலேமிலிருந்து வந்த வேதபாரகர் (யூத வேத அறிஞர்கள்), இயேசு பிசாசுகளின் தலைவனாலே பிசாசுகளைத் துரத்துகிறார் என்று சொல்கிறார்கள். கண்முன்னே நடக்கும் நன்மையைத் தெரிந்தும் தீமை என்று தீர்ப்பிடுகிறார்கள். 30ஆம் வசனம், அவர்கள் அப்படிச் சொன்னதனாலேதான் இயேசு இந்த எச்சரிப்பைக் கொடுத்தார் என்று காரணத்தையே எழுதிவைத்திருக்கிறது. 28ஆம் வசனமோ எல்லாப் பாவங்களும் தூஷணங்களும் மன்னிக்கப்படும் என்கிறது. ஐயோ, நான் செய்துவிட்டேனோ என்று கலங்குகிற மனம் அந்த வேதபாரகரின் மனம் அல்ல. இந்தக் கேள்வியைக் குழுவில் விவாதிக்க வேண்டாம். தனியே உட்கார்ந்து பேசுங்கள், அடுத்த நாளும் போய்ப் பாருங்கள். தூக்கமும் சாப்பாடும் கெட்டிருந்தால் ஆஸ்பத்திரி வைத்தியரிடமும் கூட்டிக்கொண்டு போங்கள்.

படி 2: மேலேயும் கீழேயும் வாசியுங்கள்

ஒரு வசனத்தைத் தனியே பிடுங்கி எடுக்காதீர்கள். குறைந்தது அந்த அதிகாரம் முழுவதையும், முடிந்தால் முந்தின அதிகாரத்தின் கடைசிப் பகுதியையும் ஒருவர் சத்தமாக வாசிக்க மற்றவர்கள் கேட்கவேண்டும்.

அத்திமரம் இதற்கு நல்ல பயிற்சி. மாற்கு 11:12-14இல் இயேசு பசியோடு வந்து, இலைகள் மட்டும் இருந்த அத்திமரத்தைச் சபிக்கிறார். அது அத்திப்பழக் காலமல்ல என்று மாற்குவே எழுதுகிறார். 15 முதல் 19 வரை எருசலேம் தேவாலயத்தில் விற்கிறவர்களையும் வாங்குகிறவர்களையும் துரத்துகிறார். 20, 21ஆம் வசனங்களில் மரம் வேரோடே பட்டுப்போயிருப்பதைச் சீஷர்கள் காண்கிறார்கள். மரத்தின் கதை இரண்டாகப் பிளக்கப்பட்டு, நடுவில் தேவாலயம் வைக்கப்பட்டிருக்கிறது. மாற்கு வேறு இடங்களிலும் இப்படிச் செய்கிறார்: யவீருவின் மகள் கதைக்கு நடுவே பெரும்பாடுள்ள (இரத்தப்போக்குள்ள) பெண்ணின் கதை வருகிறது (5:21-43). ஆக, மரத்துக்கு நடந்ததை தேவாலயத்தோடு சேர்த்து வாசிக்கவேண்டும். இலையும் பசுமையுமாகத் தெரிகிறது, உள்ளே கனி இல்லை. எரேமியா 8:13, மீகா 7:1 ஆகியவற்றில் தீர்க்கதரிசிகள் இதே அத்திமரப் பேச்சைப் பயன்படுத்தியிருப்பதையும் வாசித்துக் காட்டுங்கள். அந்த நாட்டில் இலை விடும் பருவத்திலேயே சிறு பிஞ்சுகளும் வரும் என்பதால், இலை நிறைந்த மரத்தில் எதையாவது எதிர்பார்த்தது நியாயம்தான் என்று சிலர் விளக்குவார்கள். அது உதவும், ஆனால் விடையின் மையம் அங்கே இல்லை.

இஸ்ரவேலரைப் போகவிடாத எகிப்து ராஜா பார்வோனைப் பற்றிய கேள்வியையும் இதே வழியில் பார்க்கலாம். "கர்த்தரே இருதயத்தைக் கடினப்படுத்தினால் பார்வோன் மேல் என்ன குற்றம்?" யாத்திராகமம் 7 முதல் 11 வரை ஒரே மூச்சில் வாசித்து, இருதயம் கடினப்படும் ஒவ்வொரு இடத்தையும் பென்சிலால் குறியுங்கள். முதல் ஐந்து வாதைகளுக்குப் பின் அவன் இருதயம் கடினப்பட்டது என்றோ, அவனே கடினப்படுத்தினான் என்றோதான் இருக்கும் (8:15, 8:32). கர்த்தர் கடினப்படுத்தினார் என்பது வாதைகளின் நடுவே முதன்முதலில் ஆறாம் வாதையில், 9:12இல் வருகிறது. அதேவேளை 4:21உம் 7:3உம் இது முன்பே சொல்லப்பட்டது என்று காட்டுகின்றன, அவற்றை மறைக்கக்கூடாது. இரண்டையும் குழுவின் முன் வையுங்கள். வசன எண்கள் பதிப்புக்குப் பதிப்பு சிறிது மாறலாம்.

படி 3: இது எந்த வகை எழுத்து?

சட்டம், சரித்திரம், பாட்டு, பழமொழி, உவமை, கடிதம், தரிசனம் எல்லாம் ஒரே அட்டைக்குள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் வாசிப்பு முறை வேறு. நீதிமொழிகள் 26:4, மூடனுக்கு அவன் மதியீனத்தின்படி பதில் சொல்லாதே என்கிறது; அடுத்த வசனமே பதில் சொல் என்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தவருக்கு அது தெரியாமல் போயிருக்காது. சில வேளை ஒன்று பொருந்தும், சில வேளை மற்றது பொருந்தும். நம் ஆட்களின் பழமொழிகளும் அப்படித்தான் ஒன்றுக்கொன்று எதிராக நிற்கும். அவற்றை யாரும் சட்டமாக எடுப்பதில்லை.

சங்கீதம் 137:9 குழந்தைகளைக் கல்லின்மேல் மோதுவதைப் பற்றிப் பேசுகிறது. அது கட்டளை அல்ல. ஊரும் கோயிலும் எரிக்கப்பட்டுப் பாபிலோனுக்குச் சிறைபிடிக்கப்பட்டவர்களின் கதறல் அது. கதறலை வேதாகமம் திருத்தி எழுதாமல் அப்படியே வைத்திருக்கிறது.

வெளிப்படுத்தலில் தவறுகள் அதிகம். 13:18இல் மிருகத்தின் எண்ணாக வரும் 666 அடையாள அட்டையில் இருக்கிறது, கடைப் பொருளின் கோடுகளில் இருக்கிறது, தடுப்பூசியில் இருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் சுற்றும். முதலில் 1:4, 1:11ஐ வாசியுங்கள்: இந்த நூல் எபேசு, சிமிர்னா, பெர்கமு உட்பட ஆசியாவின் ஏழு சபைகளுக்கு அனுப்பப்பட்டது. அந்த மக்களுக்கு விளங்காத ஒன்றை யோவான் எழுதி, "கணக்குப் பார்" என்று சொல்லியிருக்க மாட்டார். எபிரேயத்திலும் கிரேக்கத்திலும் எழுத்துகளே எண்களாகவும் பயன்பட்டன. ரோம மன்னன் நீரோ கேசரின் பெயரை எபிரேய எழுத்துகளில் எழுதிக் கூட்டினால் 666 வரும். அதே பெயரின் இன்னொரு எழுத்து முறையில் 616 வரும். சில பழைய கையெழுத்துப் பிரதிகளில் 616 என்றே இருக்கிறது. இதனால் பல அறிஞர்கள் இதை நீரோ மன்னனைக் குறிப்பதாக எடுக்கிறார்கள். வேறு கருத்துகளும் உண்டு. ஆனால் தடுப்பூசிக்கு அங்கே இடமில்லை. அந்தப் பயத்தில் பிள்ளைக்கு ஊசி போடாமல் விடுவது பெரிய கேடு.

படி 4: முதலில் கேட்டவர்களுக்கு என்ன விளங்கியிருக்கும்?

இந்தப் படியில் மலையகத்து வாசகருக்குச் சில இடங்களில் நகரத்து வாசகரை விட வசதி அதிகம். மத்தேயு 20:1-16ஐ எடுங்கள். வீட்டெஜமான் அதிகாலையில் போய், நாளொன்றுக்கு ஒரு பணம் என்று பேசி ஆட்களைத் திராட்சத்தோட்டத்துக்கு அனுப்புகிறான். மூன்றாம், ஆறாம், ஒன்பதாம் மணி நேரங்களிலும் போகிறான். கடைசியாகப் பதினோராம் மணி நேரத்தில், நம் கணக்கில் பின்னேரம் ஐந்து மணியளவில், இன்னும் சிலரைக் கூப்பிடுகிறான். பொழுது சாய்ந்ததும் எல்லாருக்கும் ஒரே ஒரு பணம்.

அந்த ஒரு பணம் ஒரு கூலியாளின் ஒரு நாள் சம்பளம். குறித்த கிலோ கொழுந்து எடுக்காதவருக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம் போடுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, இந்த உவமையில் என்ன நடக்கிறது என்று விரிவுரை தேவையில்லை. ஒரு மணி நேரம் வேலை செய்தவனுக்கு முழுப்பேர் விழுந்திருக்கிறது. காலையிலிருந்து வெயிலில் நின்றவன் முறையிடுவதும் நமக்கு உடனே விளங்கும். குழுவில் முதலில் அந்த முறைப்பாட்டின் பக்கம் நின்று பேசவிடுங்கள். அதை அடக்கிவிட்டால் உவமை உறைக்காது.

பிறகு மூன்று விஷயங்களைக் காட்டுங்கள். முதலாவது, 7ஆம் வசனம்: கடைசியில் வந்தவர்கள் சோம்பேறிகள் அல்ல, "ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை" என்கிறார்கள். இரண்டாவது, அரைப் பணத்தோடு வீட்டுக்குப் போனால் அன்றைக்குப் பிள்ளைகளுக்கு அரைச் சாப்பாடுதான். மூன்றாவது, இந்த உவமை 19:27இல் பேதுரு கேட்ட கேள்விக்குப் பதில். எல்லாவற்றையும் விட்டு வந்தோமே, எங்களுக்கு என்ன கிடைக்கும் என்று அவர் கேட்டார். முந்தினோர் பிந்தினோர் என்ற வாக்கியம் 19:30இலும் 20:16இலும் உவமைக்கு இரு பக்கமும் காவல்போல நிற்கிறது. உவமை கடவுளின் தயாளத்தைப் பற்றியது. நீண்ட நாள் விசுவாசி புதிதாக வந்தவரைக் குறைவாகப் பார்க்கக்கூடாது என்பது அதிலிருந்து வருகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. "கொடுத்ததை வாங்கிக்கொண்டு போ, என் பணம் என் இஷ்டம்" என்பதற்கு 15ஆம் வசனத்தை ஆதாரமாகக் காட்டி, சம்பளம் கேட்கிறவர்களின் வாயை அடைப்பது இந்த உவமையைத் தலைகீழாக்குவது. அதில் எஜமான் யாருக்கும் பேசியதைக் குறைத்துக் கொடுக்கவில்லை, கூடக் கொடுத்தான். கூலி விஷயத்தில் வேதாகமம் சொல்வதை வாசிக்கவேண்டுமானால் லேவியராகமம் 19:13, உபாகமம் 24:14-15, யாக்கோபு 5:4 ஆகியவற்றுக்குப் போங்கள். வயலை அறுத்தவர்களின் பிடிக்கப்பட்ட கூலியே கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எழுதுகிறார். எபேசியர் 6:5இல் வேலைக்காரர் கீழ்ப்படியவேண்டும் என்று மட்டும் வாசித்துவிட்டு நிறுத்துவதும் இதே தவறுதான். 6:9 எஜமானிடம் பயமுறுத்தலை விடு என்கிறது. கொலோசெயர் 4:1 நீதியும் செம்மையுமானதைச் செய் என்கிறது. கங்காணி என்ற மேற்பார்வையாளரையும் துரை என்ற தோட்ட அதிகாரியையும் கடந்து வந்த மக்களிடம் பாதி வசனத்தைக் கொடுப்பது அநியாயம்.

லூக்கா 16:1-8இன் உக்கிராணக்காரனும் நமக்குத் தெரிந்த ஆள்தான். கணக்கப்பிள்ளை என்று வைத்துக்கொள்ளலாம். வேலை போகப்போகிறது என்று தெரிந்ததும் கடன்காரரைக் கூப்பிட்டு, 100 குடம் எண்ணெய்க்கு 50, 100 கலம் கோதுமைக்கு 80 என்று சீட்டை மாற்றி எழுதச் சொல்கிறான். எஜமான் மெச்சுவது அவன் புத்தியை. 8ஆம் வசனமே அவனை அநீதியுள்ளவன் என்று அழைக்கிறது. நெருக்கடி வந்தபோது அவன் தாமதிக்கவில்லை என்பதே பாடம். 9 முதல் 13 வரை வாசித்தால் அது பணத்தை எப்படிப் பயன்படுத்துவது என்பதில் போய் முடிகிறது.

படி 5: இணையான பகுதிகளை ஒப்பிடுங்கள்

கடினமான சொல் ஒன்று வந்தால், அதே பேச்சை வேறு சுவிசேஷத்தில் தேடுங்கள். லூக்கா 14:26 தகப்பனையும் தாயையும் வெறுக்காதவன் சீஷனாக மாட்டான் என்கிறது. மத்தேயு 10:37 அதையே "என்னிலும் அதிகமாய்" நேசிக்கிறவன் என்று தருகிறது. மாற்கு 7:9-13இல் பெற்றோரைக் கவனிக்காமல் காணிக்கையைச் சாக்காகச் சொன்னவர்களை இயேசு கண்டிக்கிறார். புதிதாக விசுவாசத்துக்கு வந்த பிள்ளைகள் இந்து அம்மா அப்பாவை ஒதுக்கிவிடுவதற்கு லூக்காவின் வசனத்தைச் சாட்டக்கூடாது.

இரண்டு இடங்கள் ஒத்துப்போகாதபோது பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். யூதாஸ் நான்றுகொண்டான் என்கிறது மத்தேயு 27:5. தலைகீழாக விழுந்து வயிறு வெடித்தது என்கிறது அப்போஸ்தலர் 1:18. மத்தேயுவில் நிலத்தை வாங்குவது பிரதான ஆசாரியர். அப்போஸ்தலரில் யூதாஸே வாங்கினதாக வருகிறது. தொங்கிய உடல் பின்பு விழுந்திருக்கலாம், அவன் காசில் வாங்கியதால் அவன் வாங்கியதாகச் சொல்லலாம் என்று பழங்காலம் முதலே இணைத்துச் சொல்கிறார்கள். அது சாத்தியம். ஆனால் "இப்படித்தான் நடந்தது" என்று சொல்லாமல் "இப்படி இணைக்கிறார்கள்" என்று சொல்லுங்கள். இரண்டு பேரும் ஒருமனதாகச் சொல்வதை முதலில் எழுதுங்கள்: காட்டிக்கொடுத்தான், அந்தக் காசு இரத்த நிலமானது, கொடிய முடிவு வந்தது.

தாவீதின் ஜனத்தொகைக் கணக்கு இதைவிடக் கடினம். 2 சாமுவேல் 24:1இல் கர்த்தரின் கோபம் தாவீதை ஏவுகிறது. 1 நாளாகமம் 21:1இல் சாத்தான் ஏவுகிறான். எண்களும் வேறு: ஒன்றில் இஸ்ரவேல் 8,00,000, யூதா 5,00,000; மற்றதில் 11,00,000, 4,70,000. நாளாகமம் பாபிலோன் சிறையிருப்புக்குப் பிந்திய காலத்து நூல். அதே நிகழ்வை அது வேறு கோணத்தில் சொல்கிறது. எண்களை வலுக்கட்டாயமாகச் சமப்படுத்தக் கணக்குப் போடவேண்டாம்.

நீதிமானாவது விசுவாசத்தாலா, கிரியைகளாலுமா என்பதில் பவுலும் யாக்கோபும் மோதுகிறார்கள் என்ற கேள்விக்கு (ரோமர் 3:28, யாக்கோபு 2:24) ஆபிரகாமின் கதைதான் திறவுகோல். பவுல் ஆதியாகமம் 15:6ஐ எடுத்துத் தொடக்கத்தைப் பேசுகிறார். யாக்கோபு அதே வசனத்தோடு 22ஆம் அதிகாரத்தையும், அதாவது பல வருடங்களுக்குப் பிந்திய ஈசாக்கின் பலியையும், சேர்த்து அந்த விசுவாசத்தின் விளைவைப் பேசுகிறார். யாக்கோபு 2:15, 16இல் உடையும் சாப்பாடும் இல்லாதவரிடம் "குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று வாயால் மட்டும் சொல்லி அனுப்புகிற ஆள் வருகிறார். மோதல் பவுலோடு அல்ல, அந்த ஆளோடு.

படி 6: நம் வாழ்க்கைக்குக் கொண்டுவருதல் — படையல் சாப்பாடு

மலையகத்தில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. லயத்தில் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் இந்து வீடு. தீபாவளி, பொங்கல், தோட்டத்து மாரியம்மன் திருவிழா எல்லாவற்றுக்கும் தட்டு வரும். 1 கொரிந்தியர் 8 முதல் 10 வரை முழுவதும் வாசிக்காமல் பதில் சொல்லாதீர்கள். கொரிந்துவின் விசுவாசிகளும் கோயில்களின் நடுவே, உறவும் நட்புமாக வாழ்ந்தவர்கள். பவுல் ஒரே விதி போடவில்லை, நிலைமைகளைப் பிரிக்கிறார்.

கடையில் விற்பதை விசாரிக்காமல் வாங்கிச் சாப்பிடலாம் (10:25). அவிசுவாசி வீட்டுக்கு அழைத்து, போக மனமிருந்தால், முன்னே வைத்ததை விசாரிக்காமல் சாப்பிடலாம் (10:27). தீபாவளி முறுக்கும் அதிரசமும் பெரும்பாலும் இந்த இடத்தில் வருகின்றன: அது அயலாரின் அன்பு, வாங்கிக்கொள்ளுங்கள், உங்கள் வீட்டில் நத்தாருக்குச் செய்ததைத் திருப்பிக் கொடுங்கள். "இது சாமிக்குப் படைச்சது" என்று ஒருவர் சொன்னால், சொன்னவருக்காகவும் மனச்சாட்சிக்காகவும் விட்டுவிடலாம் (10:28). வழிபாட்டிலேயே பங்கெடுப்பது வேறு காரியம். அது கூடாது என்று பவுல் தெளிவாகச் சொல்கிறார் (10:14-22). இவை எல்லாவற்றுக்கும் மேலே 8:9-13: என் சுதந்திரம் மனம் உறுதிப்படாத இன்னொரு விசுவாசியை இடறச் செய்தால் நான் விட்டுக்கொடுக்கிறேன்.

மறுக்கவேண்டி வந்தால் மறுக்கும் விதமும் முக்கியம். தட்டைத் தள்ளுவதும், பேயின் சாப்பாடு என்று முகத்துக்கு நேரே சொல்வதும் பல வருட அயலுறவை ஒரு நொடியில் முறித்துவிடும். 10:32 யாருக்கும் இடறலாக இருக்காதே என்கிறது. "அக்கா, கோவிச்சுக்காதீங்க, படைச்சது மட்டும் எங்களுக்கு வேணாம். மத்த பலகாரம் இருந்தா தாங்க, பிள்ளைங்க ஆசையா சாப்பிடுவாங்க" என்று சொன்னால் யாரும் வருத்தப்படுவதில்லை. அப்போஸ்தலர் 15:29, வெளிப்படுத்தல் 2:14 ஆகியவற்றைக் காட்டி, எதையும் தொடக்கூடாது என்று போதிக்கிற சபைகளும் உண்டு. அப்படிப்பட்ட சபையில் இருப்பவரை ரோமர் 14இன்படி மதியுங்கள், கேலி செய்யாதீர்கள்.

வேலையின் பேரில் கோயில் நிகழ்வில் நிற்கவேண்டிய ஒருவர் கேட்டால் 2 இராஜாக்கள் 5:18, 19ஐ வாசியுங்கள். சீரியப் படைத்தலைவன் நாகமான் தன் ராஜாவோடு ரிம்மோன் என்ற அந்நிய தெய்வத்தின் கோவிலில் குனியவேண்டியிருப்பதைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிறான். தீர்க்கதரிசி எலிசா அவனைத் திட்டவில்லை. சமாதானத்தோடே போ என்கிறார்.

படி 7: விடை முழுமையாகக் கிடைக்காதபோது

கானான் யுத்தங்களைப் பற்றிய கேள்வியை அவசரமாக மூடாதீர்கள். 1977, 1983 கலவரங்களில் வீடு இழந்து ஓடியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இருக்கும் குழுவில், ஒரு மக்கள் கூட்டத்தையே அழிக்கச் சொல்லும் உபாகமம் 20:16-18 வெறும் பாடக் கேள்வியாக இருக்காது. வசனம் சொல்வதைச் சொல்லுங்கள்: ஆதியாகமம் 15:13-16 கானானில் இருந்த எமோரியரின் அக்கிரமம் நிறைவாகும்வரை நானூறு வருட அளவு காத்திருப்பைக் காட்டுகிறது, உபாகமம் 9:4, 5 இஸ்ரவேலின் நீதியினிமித்தம் அல்ல என்று அவர்களையே தாழ்த்துகிறது, கானானிய ஊரான எரிகோவின் ராகாப் காப்பாற்றப்பட்டு இயேசுவின் வம்சத்தில் வருகிறாள் (மத்தேயு 1:5). இத்தனைக்குப் பிறகும் கனம் குறையாது. குறைந்ததாக நடிக்கவேண்டாம். ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்: அந்தக் கட்டளை ஒரு காலத்துக்கும் இடத்துக்கும் உரியது, இன்று எந்த இனத்துக்கு எதிராகவும் அதை எடுத்துக்காட்டுவதற்கு இயேசுவின் போதனையில் இடமில்லை (மத்தேயு 5:44, 26:52).

தகப்பன் செய்த பொருத்தனையால் யெப்தாவின் மகள் (நியாயாதிபதிகள் 11) உண்மையில் பலியிடப்பட்டாளா, வாழ்நாள் முழுவதும் கன்னியாக ஒப்புக்கொடுக்கப்பட்டாளா என்பதில் இரண்டு கருத்தும் உண்டு. அந்தப் பொருத்தனையைக் கடவுள் கேட்டதாக வசனம் சொல்லவில்லை. நரபலியை உபாகமம் 12:31 அருவருப்பு என்கிறது. அவனவன் தன் பார்வைக்குச் சரிப்போனபடி செய்தான் என்று முடிகிற நூலில் (21:25) இது எழுதப்பட்டிருக்கிறது. எலிசாவைக் கேலி செய்த பிள்ளைகளில் 42 பேரை இரண்டு கரடிகள் பீறிப்போட்ட கதையும் (2 இராஜாக்கள் 2:23-25) இதே வகை. இடம் பெத்தேல், கன்றுக்குட்டி வழிபாட்டு ஊர் என்பதைச் சொல்லலாம். அதற்கு மேல் வசனம் விளக்கம் தரவில்லை. அப்படியே கொப்பியில் எழுதிவைத்து, போதகரிடமோ ஃபாதரிடமோ கேட்டு அடுத்த கிழமை தொடருங்கள்.

அடிக்கடி வரும் மற்றச் சில கேள்விகள்

காயீனின் மனைவி: ஆதியாகமம் 5:4 ஆதாமுக்கு வேறு குமாரரும் குமாரத்திகளும் இருந்ததாகச் சொல்கிறது. சகோதரியாக இருக்கலாம் என்பதே பழைய விளக்கம். சகோதரித் திருமணத்தைத் தடுக்கும் லேவியராகமம் 18 மிகவும் பிந்தியது. ஆபிரகாமே தகப்பன் ஒருவராகவும் தாய் வேறாகவும் இருந்த தங்கையை மணந்தவர் (ஆதியாகமம் 20:12).

இயேசுவின் கல்லறையில் தூதர்கள்: மத்தேயுவும் மாற்கும் ஒருவரைச் சொல்கிறார்கள், லூக்காவும் யோவானும் இருவரை. பேசியவரை மட்டும் குறிப்பிட்டால் ஒருவர்தான் வருவார். நால்வருக்கும் கல்லறை வெறுமை.

ஊசியின் காது (மாற்கு 10:25): ஐசுவரியவான் தேவனுடைய ராஜ்யத்தில் நுழைவதைவிட ஒட்டகம் ஊசியின் காதில் நுழைவது எளிது என்கிறது வசனம். எருசலேமில் அந்தப் பெயரில் ஒரு சின்ன வாசல் இருந்தது, ஒட்டகம் முழந்தாளிட்டால் நுழையலாம் என்ற விளக்கத்தைப் பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். அப்படி ஒரு வாசல் இருந்ததற்கு ஆதாரம் இல்லை. கஷ்டப்பட்டால் முடியும் என்றால் 27ஆம் வசனத்தில் "மனுஷரால் இது கூடாதது" என்று இயேசு சொல்லியிருக்க மாட்டார்.

பெண்கள் சபையில் பேசலாமா: பெண்கள் சபையில் பேசாமலிருக்கச் சொல்லும் 1 கொரிந்தியர் 14:34ஐ வாசிக்கும்போது அதே கடிதத்தின் 11:5ஐயும் சேர்த்து வாசியுங்கள். அங்கே பெண்கள் சபையில் ஜெபிப்பதையும் தீர்க்கதரிசனம் சொல்வதையும் பவுல் இயல்பாக எடுத்துக்கொள்கிறார். எப்படி என்பதைத்தான் ஒழுங்குபடுத்துகிறார்.

மாற்கு 16:9-20: சில பதிப்புகளில் அடைப்புக்குறிக்குள் இருக்கும். நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த மிகப் பழைய இரண்டு பெரிய பிரதிகளில் இந்த வசனங்கள் இல்லை என்பதே காரணம். யாரும் வேதாகமத்தை வெட்டிவிடவில்லை. இதில் வரும் சர்ப்பம், சாவுக்கேதுவான பானம் பற்றிய 18ஆம் வசனத்தைச் சோதித்துப் பார்க்கிற துணிச்சல் எந்தக் குழுவிலும் வரக்கூடாது. மத்தேயு 4:7 அதைத் தெளிவாகத் தடுக்கிறது.

மருந்து எடுப்பது விசுவாசக் குறைவா: இல்லை. யாக்கோபு 5:14 மூப்பர்களை அழைத்து ஜெபிக்கச் சொல்கிறது, ஜெபியுங்கள். பவுல் தீமோத்தேயுவின் வயிற்றுக்கும் அடிக்கடி வரும் பலவீனங்களுக்கும் கொஞ்சம் திராட்சரசம் எடுக்கச் சொன்னார் (1 தீமோத்தேயு 5:23). நல்ல சமாரியன் காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் ஊற்றிக் கட்டினான். லூக்காவையே பவுல் பிரியமான வைத்தியன் என்கிறார் (கொலோசெயர் 4:14). சீனி, பிரஷர், வலிப்பு ஆகியவற்றுக்கு மருந்து எடுப்பவர் ஜெபக்கூட்டத்துக்குப் பின் தன்னிஷ்டப்படி நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. சுகம் கிடைத்துவிட்டது என்று நம்புகிறவரும் கிளினிக் நாளில் போய்ச் சோதித்துப் பார்க்கட்டும். மாத்திரையைக் குறைப்பதா நிறுத்துவதா என்பதை வைத்தியர் சொல்வார்.